மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் நோய்க்கு எப்ஸ்டீன்-பார் வைரஸ்தான் காரணமா? தங்கையின் நோயைப் பற்றிச் சில கேள்விகள்

கொட்டகலை ஆசிரியை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என் தங்கைக்கு இருபத்தெட்டு வயது. சென்ற வருடம் அவளுடைய வலது கண் சில நாட்களுக்குள் மங்கியது. கண்ணை உருட்டினால் வலித்தது. சிவப்பு நிறம் வெளிறித் தெரிவதாகவும் சொன்னாள். அந்த மங்கல் தானாகவே ஓரளவு தெளிந்துவிட்டது. சில மாதங்கள் கழித்து இடுப்புக்குக் கீழே மரத்துப்போய், லயத்துப் படிகளில் இறங்கும்போது கால் எங்கே படுகிறது என்றே உணர முடியாத நிலை வந்தது. கண்டியில் நரம்பியல் வைத்திய நிபுணர் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும், முதுகில் ஊசி ஏற்றி எடுக்கும் மூளைய முண்ணாண் பாய்பொருள் பரிசோதனையும் செய்வித்து, மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் என்று கூறினார். மூளையிலும் முண்ணாணிலும் (தண்டுவடத்திலும்) உள்ள நரம்புகளின் உறையை உடலின் சொந்த எதிர்ப்புச் சக்தியே தாக்கிக் கெடுக்கும் நோய் அது. தமிழகத்து இதழ்கள் தண்டுவட மரப்பு நோய் என்று எழுதுவது இதைத்தான்.

நோயோடு சேர்ந்து இப்போது வேறொரு தொல்லையும் வந்திருக்கிறது. "இந்த நோய் எச்சிலால் பரவும் வைரஸினால் வருகிறது, விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள்" என்ற செய்தி வட்ஸ்அப்பில் சுற்றி எங்கள் தோட்டத்துக்கும் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து அக்கம்பக்கத்தார் தங்கைக்குத் தேநீர் கொடுக்கும் கோப்பையைத் தனியாக வைக்கிறார்கள். அவளிடம் கணக்குப் படிக்க வந்த பிள்ளைகளை இப்போது அனுப்புவதில்லை. எங்கள் அம்மா கொழுந்தெடுத்தவர். தங்கை கைக்குழந்தையாக இருந்தபோது சோற்றை வாயில் மென்று குழைத்து ஊட்டியதை நினைத்து, "நான்தான் என் பிள்ளைக்கு இதைக் கொடுத்தேன்" என்று அழுகிறார். உறவினர் ஒருவரின் வற்புறுத்தலால் தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் தங்கைக்கு எப்ஸ்டீன்-பார் பரிசோதனையும் செய்தோம். பொசிட்டிவ் என்று வந்திருக்கிறது.

உண்மையில் எவ்வளவு நிரூபிக்கப்பட்டிருக்கிறது? அவள் குடித்த கோப்பையால் யாருக்காவது இந்த நோய் வருமா? என் மகளுக்கு ஏழு வயது. அவளுக்கும் இந்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டுமா? விபரம் தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஊவா வைத்தியர்

டீச்சர், அவசரமாகத் தெரிய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. கோப்பையாலும் இல்லை, மூச்சாலும் இல்லை, ஒரே படுக்கையில் படுப்பதாலும் இல்லை. உங்கள் தங்கையிடம் கணக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு அவரால் எந்த ஆபத்தும் கிடையாது.

அந்தச் செய்தி முழுப் பொய்யும் அல்ல. எப்ஸ்டீன்-பார் வைரஸ் 1964இல் இலண்டனில் கண்டறியப்பட்டது. உகண்டாவில் சிறுவர்களின் தாடையில் வளரும் பேர்க்கிட் புற்றுநோய்க் கட்டிகளிலிருந்து வளர்த்தெடுத்த கலங்களில், அன்ரனி எப்ஸ்டீன், இவோன் பார், பேர்ட் அச்சொங் ஆகிய மூவரும் அதை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் கண்டார்கள். ஹேர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்த இந்த வைரஸ் எச்சில் வழியே பரவும். ஒருமுறை உடலுக்குள் வந்துவிட்டால், பி நிணநீர்க்குழியங்கள் எனப்படும் நிர்ப்பீடன (நோயெதிர்ப்பு) கலங்களுக்குள் வாழ்நாள் முழுவதும் தங்கிவிடும். உலகின் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய 95 சதவீதமானோர் இதைச் சுமக்கிறார்கள். நானும் சுமக்கிறேன் என்றே வைத்துக்கொள்ளலாம். உங்கள் தங்கையின் கோப்பையைத் தனியாக வைத்தவர்களும் பெரும்பாலும் சுமக்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் (குழந்தைகள் காப்பகத்தில்) வளர்ந்த எவரும் பள்ளிக்கூடம் போகும் முன்பே இதைப் பெற்றிருக்க வாய்ப்பு அதிகம். சிறு வயதில் வரும்போது சாதாரணத் தடிமன் காய்ச்சல் போல வந்துபோகும், அல்லது வந்ததே தெரியாது.

உலகத்தின் பார்வையை மாற்றியது 2022 ஜனவரியில் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஹார்வர்ட் ஆய்வு. ஷெட்டில் பியோர்னெவிக், அல்பேர்ட்டோ அஷேரியோ ஆகியோரின் குழு அமெரிக்க இராணுவத்தின் குருதிக் களஞ்சியத்தைப் பயன்படுத்தியது. அங்கு படையினரிடமிருந்து எச்.ஐ.வி. பரிசோதனைக்காகக் குறிப்பிட்ட இடைவெளியில் குருதி எடுத்து, எஞ்சிய ஊனீரை உறைநிலையில் சேமித்து வைப்பார்கள். 1993 முதல் 2013 வரை சேவையில் இருந்த ஒரு கோடிக்கும் மேற்பட்டோரில் மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் ஏற்பட்டவர்களைத் தேடி, போதிய மாதிரிகள் கிடைத்த 801 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 35 பேருக்கு முதல் மாதிரியில் இந்த வைரஸ் இருக்கவில்லை. அந்த 35 பேரில் 34 பேர் நோய் தொடங்கும் முன்னரே வைரஸைப் பெற்றுவிட்டார்கள். நோய் வராத ஒப்பீட்டுக் குழுவில் முதலில் வைரஸ் இல்லாதிருந்தவர்களில் 57 சதவீதமானோரே அதே காலத்தில் தொற்றுக்கு உள்ளானார்கள். வைரஸ் தொற்றியவருக்கு இந்நோய் ஏற்படும் அபாயம் ஏறக்குறைய 32 மடங்காக உயர்ந்ததாக அவர்கள் கணித்தார்கள்.

ஆகவே, இந்த வைரஸ் இல்லாமல் மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் வருவது மிக அரிது என்று சொல்வதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. ஆனால் இந்த வைரஸ் இருந்தால் அந்நோய் வரும் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. உலகில் இந்நோயுடன் வாழ்பவர்கள் ஏறக்குறைய 28 இலட்சம் பேர் என்று 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு கூறுகிறது. வைரஸைச் சுமப்பவர்களோ பல நூறு கோடிப் பேர்.

சாமிமலை வாசகன்

வைத்தியர் ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. நான் புள்ளிவிபரவியல் கற்பிப்பவன் என்பதால் சில ஐயங்களை முன்வைக்கிறேன்; டீச்சரின் கவலையைக் கூட்டுவது என் நோக்கம் அல்ல.

முடிவு முழுவதும் 35 பேரின் மீது நிற்கிறது. அந்த ஆய்வுக் கட்டுரையிலேயே 32 மடங்கு என்ற மதிப்பீட்டின் நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான மதிப்பு இருக்கக்கூடிய வீச்சு, ஏறக்குறைய 4 மடங்கிலிருந்து 245 மடங்கு வரை விரிகிறது. இவ்வளவு அகன்ற இடைவெளியைக் கொண்ட ஓர் எண்ணைச் செய்தித்தாள்கள் தலைப்பாகப் போடுவது எனக்கு உறுத்துகிறது.

இதைவிடப் பெரிய ஐயம் ஒன்று உண்டு. காரணமும் விளைவும் இடம் மாறியிருக்க முடியாதா? மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் வெளியே தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே உள்ளுக்குள் தொடங்கிவிடுவதாகச் சொல்கிறார்கள். அப்படியானால், ஏற்கெனவே குழம்பியிருந்த நிர்ப்பீடனத் தொகுதிதான் வைரஸை எளிதில் உள்ளே விட்டது என்றும் வாதிடலாமே.

மூன்றாவது ஐயம் எங்கள் மண்ணைப் பற்றியது. வைரஸ் தான் அடிப்படை என்றால், பிள்ளைகள் எல்லோரும் சிறுவயதிலேயே அதைப் பெறும் தெற்காசியாவில்தானே இந்நோய் அதிகமாக இருக்க வேண்டும்? நடப்போ நேர்மாறு. ஸ்கொட்லாந்திலும் ஸ்கண்டிநேவிய நாடுகளிலும் கனடாவிலும் அது அதிகம், இங்கே அரிது. இதற்கு என்ன விளக்கம்?

பண்டாரவளை ஆய்வுகூடம்

மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர் என்ற முறையில் டீச்சரின் தங்கையுடைய அறிக்கையைப் பற்றி முதலில் எழுதுகிறேன். தனியார் ஆய்வுகூடங்கள் பொதுவாகப் பார்ப்பது வைரஸின் உறைப்புரதத்துக்கு எதிரான ஐ.ஜி.எம்., ஐ.ஜி.ஜி. பிறபொருளெதிரிகளையும் (கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதங்கள்), வைரஸின் கருப் புரதமான ஈ.பி.என்.ஏ.1 என்பதற்கு எதிரான ஐ.ஜி.ஜி. பிறபொருளெதிரியையும்தான். ஐ.ஜி.எம். மட்டும் உயர்ந்திருந்தால் தொற்று அண்மையில் ஏற்பட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஐ.ஜி.ஜி. வகைகள் இரண்டும் பொசிட்டிவாக இருந்தால், எப்போதோ ஏற்பட்ட பழைய தொற்று என்பதே பொருள். இலங்கையில் வளர்ந்த எவருடைய குருதியை நான் பரிசோதித்தாலும் அப்படி வரும் என்றே எதிர்பார்ப்பேன். அந்த அறிக்கையால் மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் இருக்கிறது என்றோ வரப்போகிறது என்றோ சொல்ல முடியாது. நோயை நிர்ணயிக்க நிபுணர்கள் பயன்படுத்தும் மக்டொனால்ட் அளவுகோல்களில் இந்த வைரஸ் பரிசோதனைக்கு இடமே இல்லை. டீச்சரின் மகளுக்கு அதைச் செய்வதால் பணம்தான் செலவாகும்.

வாசகன் அண்ணாவின் இரண்டாவது ஐயத்தைப் பார்த்தபோது எங்கள் துறையின் பழைய நிகழ்வு ஒன்று ஞாபகம் வந்தது. பிலடெல்பியாவில் வேர்னர் ஹென்லே, கேர்ட்ரூட் ஹென்லே தம்பதியினர் இந்த வைரஸுக்கான பிறபொருளெதிரிப் பரிசோதனையை உருவாக்கிக்கொண்டிருந்த காலம் அது. அவர்களது ஆய்வுகூடத்தில் பணிபுரிந்த பெண்ணொருவரின் குருதியில் இந்தப் பிறபொருளெதிரி இல்லை என்பது ஏற்கெனவே தெரிந்திருந்தது. 1967இல் அவருக்குக் காய்ச்சலும் தொண்டைவலியும் கழுத்துக் கணுக்களில் வீக்கமும் வந்தன. குணமானபின் எடுத்த குருதியில் பிறபொருளெதிரி தோன்றியிருந்தது. சுரப்பிக் காய்ச்சல் எனப்படும் அந்த நோய்க்கு எப்ஸ்டீன்-பார் வைரஸே காரணம் என்பது அந்த வழியில் 1968இல் வெளிவந்தது. நோய்க்கு முந்திய குருதியும் பிந்திய குருதியும் ஒரே ஆளிடமிருந்து கையில் இருந்ததே அந்த முடிவின் பலம். 2022ஆம் ஆண்டு ஆய்வின் பலமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. நோய் வந்த பிறகு எடுத்த குருதியை மட்டும் வைத்து எத்தனை ஆயிரம் பேரை ஆராய்ந்திருந்தாலும், எது முதலில் வந்தது என்ற கேள்விக்கு விடை கிடைத்திருக்காது. உறைபெட்டியில் இலக்கம் ஒட்டி ஒழுங்காக வைக்கப்பட்ட மாதிரிகள் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு இப்படிப் பேசுவதைக் காணும்போது என் தொழிலின் மீது எனக்கு மதிப்புக் கூடுகிறது.

ஊவா வைத்தியர்

வாசகன் கேட்டவை நியாயமான கேள்விகள். 35 பேர் என்பது சிறிய எண்தான். வளர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு வைரஸ் ஏற்கெனவே இருப்பதால், அது இல்லாதவர்களைக் கண்டுபிடிப்பதற்கே ஒரு கோடிப் பேரைத் தேட வேண்டியிருந்தது. நம்பிக்கை இடைவெளி அகன்றிருந்தாலும் அதன் கீழ் எல்லையே நான்கு மடங்கைத் தாண்டுகிறது என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

காரணமும் விளைவும் இடம் மாறியிருக்கலாம் என்ற ஐயத்தை ஆய்வாளர்கள் இரண்டு வழிகளில் சோதித்தார்கள். நிர்ப்பீடனத் தொகுதி குழம்பியிருந்ததால்தான் வைரஸ் நுழைந்தது என்றால், எச்சில் வழியே பரவும் மற்ற வைரஸ்களும் அவ்வாறே நுழைந்திருக்க வேண்டும். அதே ஹேர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்த சைட்டோமெகலோ வைரஸை எடுத்துப் பார்த்தார்கள். அதன் தொற்றுக்குப் பின் மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் அபாயம் கூடவில்லை. அடுத்து, நரம்பு நார்கள் சேதமடையும்போது குருதிக்குள் கசியும் நியூரோபிலமென்ட் என்ற புரதத்தை அளந்தார்கள். நோய்க்குறிகள் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அது உயரத் தொடங்கும். எப்ஸ்டீன்-பார் தொற்று ஏற்பட்ட பின்னரே அந்த உயர்வு காணப்பட்டது. முன்னர் எடுத்த மாதிரிகளில் காணப்படவில்லை. நரம்புச் சேதத்துக்கு முன்னரே வைரஸ் வந்தது என்பதற்கு இது வலுவான சான்று.

அதே மாதத்தில் 'நேச்சர்' இதழில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் ரொபின்சன், ஸ்டைன்மன் ஆகியோரின் குழு இன்னொரு கண்ணியைக் காட்டியது. நோயாளிகளின் மூளைய முண்ணாண் பாய்பொருளிலிருந்து பெற்ற ஒரு பிறபொருளெதிரி, வைரஸின் ஈ.பி.என்.ஏ.1 புரதத்தின் ஒரு துண்டையும், மூளையில் இயல்பாகவே இருக்கும் க்ளையல்காம் என்ற புரதத்தையும் ஒரே மாதிரிப் பற்றிக்கொள்கிறது. வைரஸைத் தாக்கப் பழகிய பிறபொருளெதிரி சொந்த மூளையையும் தாக்கக்கூடும் என்பதே இதன் கருத்து. இந்த வகைப் பிறபொருளெதிரி நோயாளிகளில் ஒரு பகுதியினரிடம் மட்டுமே காணப்படுவதால், முழுப் பொறிமுறையும் இதுதான் என்று நான் கூறமாட்டேன்.

தெற்காசியா பற்றிய கேள்விக்கு வருகிறேன். எல்லாவற்றிலும் எனக்கு ஆர்வமூட்டுவது இதுதான். வைரஸ் வருகிறதா இல்லையா என்பதைப் போலவே, எந்த வயதில் வருகிறது என்பதும் முக்கியம். வசதியான நாடுகளில் பிள்ளைகள் தனியறையில், தனிக் கரண்டியோடு வளர்வதால், பலருக்கு முதல் தொற்று பதின்ம வயதில் அல்லது இருபதுகளில் வருகிறது. அப்போது அது சுரப்பிக் காய்ச்சலாக வெளிப்படும். சுரப்பிக் காய்ச்சல் வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் ஏற்படும் அபாயம் ஏறக்குறைய இரு மடங்கு. எமது பிள்ளைகளுக்கோ தாயிடமிருந்து வந்த பிறபொருளெதிரிகள் மறைந்து சிறிது காலத்துக்குள், ஒன்றிரண்டு வயதிலேயே, வைரஸ் ஓசையின்றி வந்துவிடுகிறது.

வேறு காரணிகளும் உண்டு. எச்.எல்.ஏ. டி.ஆர்.பி.1*15:01 என்ற பரம்பரையலகு வடிவம் அபாயத்தை ஏறக்குறைய மூன்று மடங்காக்குகிறது; அது வட ஐரோப்பியரிடம் அதிகம். வெயில் குறைந்த நாடுகளில் விற்றமின் டி குறைவது, புகைத்தல், பதின்ம வயதில் உடற்பருமன் ஆகியவையும் பங்களிக்கின்றன. மத்திய கோட்டிலிருந்து ஏழு பாகை தொலைவில் நாங்கள் இருக்கிறோம். ஸ்கொட்லாந்து ஐம்பத்தைந்து பாகைக்கு அப்பால் இருக்கிறது. இந்திய உபகண்டத்திலிருந்து இங்கிலாந்துக்குக் குடியேறியவர்களுக்கு அங்கே பிறந்த பிள்ளைகளை ஆராய்ந்து 1990இல் ஓர் ஆய்வு வெளியானது. பெற்றோருக்கு அரிதாக இருந்த நோய், பிள்ளைகளிடம் இங்கிலாந்து மக்களுக்கு நெருங்கிய அளவில் காணப்பட்டது. பரம்பரையலகு மாறவில்லை, வளர்ந்த சூழல் மாறியது.

ஓய்வுபெற்ற வெளிக்கள உத்தியோகத்தர்

நான் வைத்தியம் படித்தவன் இல்லை. ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் தேயிலையைப் பார்த்தவன். டொக்டர் எழுதியதை வாசிக்கும்போது எனக்குத் தேயிலையின் கொப்புள நோய்தான் புரிய வைத்தது. பருவமழைக் காலத்தில் அந்தப் பூஞ்சணத்தின் வித்திகள் மலை முழுவதும் காற்றில் இருக்கும். எல்லா இலையிலும் விழும். ஆனால் கொப்புளம் போடுவது இளங்கொழுந்தில் மட்டும்தான், அதுவும் மூடுபனி விலகாமல் இலை ஈரமாகவே இருக்கும் நாட்களில், அந்த நோய்க்கு இலகுவில் ஆட்படும் இனச் செடிகளில். வித்தி இல்லாவிட்டால் கொப்புளம் இல்லை. வித்தி இருப்பதால் மட்டும் ஒரு செடியை யாரும் நோய்ச் செடி என்று பிடுங்குவதில்லை. டீச்சர், இதை உங்கள் லயத்தில் எடுத்துச் சொல்லுங்கள். மலையில் வேலை செய்தவர்களுக்கு உடனே விளங்கும்.

லிந்துலை மகள்

கொட்டகலை அக்காவுக்கு வணக்கம். இந்த நோயோடு பல வருடங்களாக வாழ்பவள் நான். உங்கள் தங்கையின் கோப்பையைத் தனியாக வைத்தார்கள் என்று வாசித்தபோது என் மனம் மிகவும் நொந்தது. என் கணவரும், எனக்கு நோய் வந்த பிறகு பிறந்த மகனும் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு பேருமே நலமாக இருக்கிறார்கள்.

வைரஸைப் பற்றிய ஆராய்ச்சியை நான் மிகுந்த நம்பிக்கையோடு வாசிக்கிறேன். எனக்கு ஏன் இந்த நோய் வந்தது என்று கேட்டு, முற்பிறப்பு வினை, செய்வினை, கண்ணூறு என்று எத்தனையோ பதில்களைக் கேட்டாயிற்று. நுணுக்குக்காட்டியில் காணக்கூடிய ஒரு காரணம் கிடைத்திருப்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

உங்கள் தங்கைக்கு உடனடியாக உதவக்கூடிய ஒரு விடயத்தைச் சொல்கிறேன். எங்கள் குளிரில் எல்லோரும் சுடுதண்ணீரில்தான் குளிப்போம். எனக்கு ஆரம்ப காலத்தில் நன்றாகச் சூடான தண்ணீரில் குளித்துவிட்டு வந்தால் கண் மங்கும், கால் பின்னும். நோய் மறுபடி தாக்கிவிட்டது என்று பயந்துபோவேன். நரம்பைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற கவசம் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தால், அந்த நரம்பு உடல் சூடேறும்போது செய்தியைக் கடத்தத் திணறுவதால் இப்படி ஆகிறது என்று என்னுடைய நிபுணர் விளக்கினார். 1890இலேயே ஜேர்மன் கண் வைத்தியர் ஊத்தொஃப் இதை விபரித்திருக்கிறார், எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன்னர் நோயாளியைச் சுடுநீர்த் தொட்டியில் உட்காரவைத்தே இந்நோயைச் சோதிப்பார்களாம். உடல் ஆறியதும் அது சரியாகிவிடும். புதிய சேதம் எதுவும் ஏற்படுவதில்லை. இருபத்துநான்கு மணித்தியாலத்துக்கு மேல் நீடிக்கும் புதிய குறி, அதுவும் காய்ச்சலோ கிருமித்தொற்றோ இல்லாதபோது வந்தால், அதைத்தான் மறுதாக்குதலாகக் கொள்கிறார்கள். இப்போது நான் இளஞ்சூட்டுத் தண்ணீரில் குளிக்கிறேன். விறகடுப்புப் புகைக்கும் ஆவிக்கும் முன்னால் நெடுநேரம் நிற்பதில்லை.

மஸ்கெலியா தம்பி

ஒரு சிறு கேள்வி. வைரஸ்தான் காரணம் என்றால், ஹேர்பிஸுக்குக் கொடுக்கும் அசிக்ளோவிர் போன்ற மாத்திரைகளைக் கொடுத்து அதை அழித்துவிட முடியாதா? எங்கள் ஊரில் ஒருவர் வைரஸை உடலிலிருந்து அடியோடு நீக்கும் கஷாயம் என்று விற்கிறார். அதை வாங்கலாமா?

ஊவா வைத்தியர்

தம்பி, கஷாயத்துக்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்று தெளிவாகவே சொல்கிறேன். இந்த வைரஸை உடலிலிருந்து முழுமையாக நீக்கும் மருந்து உலகில் எங்கும் கிடையாது. பெருகிக்கொண்டிருக்கும் வைரஸைத்தான் அசிக்ளோவிர் தடுக்கும். நினைவு பி நிணநீர்க்குழியங்களுக்குள் பெருகாமல் உறங்கும் வைரஸை அது தொடாது. மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் நோயாளிகளிடம் நடந்த சிறிய பரிசோதனைகளிலும் உறுதியான பயன் கிடைக்கவில்லை. வைரஸ் குடியிருக்கும் கலங்களைத் தேடி அழிக்கப் பயிற்றுவித்த ரி கலங்கள் என்ற நிர்ப்பீடனக் கலங்களைச் செலுத்தும் ஏ.ரி.ஏ.188 என்ற சிகிச்சை பெரும் எதிர்பார்ப்பை ஏற்படுத்தியது. அது 2023 நவம்பரில் தன் முதன்மை இலக்கை எட்டாமல் போனது.

இருந்தாலும் இன்று நன்றாக வேலை செய்யும் மருந்துகளைப் பாருங்கள். ரிட்டுக்சிமாப் பரிசோதனையின் முடிவு 2008இல் வந்தது. ஒக்ரெலிசுமாப் 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இரண்டும் பி நிணநீர்க்குழியங்களைக் குறைப்பவை, அதாவது இந்த வைரஸ் குடியிருக்கும் அதே கலங்களை. இவை மறுதாக்குதல்களைக் கணிசமாகக் குறைப்பதற்கும் வைரஸுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று பலர் கருதுகிறார்கள். ஆனால் பி நிணநீர்க்குழியங்கள் வேறு பல வழிகளிலும் இந்நோயில் பங்கெடுப்பதால், இதையே வைரஸுக்கான சாட்சியாக நிறுத்துவது பொருந்தாது.

எனது எதிர்பார்ப்பு தடுப்பூசியில்தான் இருக்கிறது. வைரஸின் ஜீ.பி.350 என்ற மேற்பரப்புப் புரதத்தைக் கொண்ட தடுப்பூசி, 2007இல் வெளியான பரிசோதனையில் சுரப்பிக் காய்ச்சலை நான்கில் மூன்று பங்குக்கு மேல் குறைத்தது, தொற்றையே தடுக்கவில்லை. 2022இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனமும் மொடேர்னா நிறுவனமும் புதிய தடுப்பூசிகளை மனிதரில் பரிசோதிக்கத் தொடங்கின. தடுப்பூசி பெற்ற தலைமுறையில் மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் குறைந்தால், வாசகன் கேட்கும் இறுதி நிரூபணம் கிடைக்கும். அதற்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பாதி வழியில் நிற்கும் தடுப்பூசி தொற்றைப் பதின்ம வயதுக்குத் தள்ளிவிடுமோ என்ற கவலையும் எனக்கு உண்டு. பிள்ளைகள் எல்லோரும் சிறுவயதில் தொற்றைப் பெறும் எங்களைப் போன்ற நாடுகளில் அதைப் பயன்படுத்த முன்னர் இதைத் தீர யோசிக்க வேண்டும்.

தோட்டத்து மருத்துவமாது

டீச்சர், உங்கள் அம்மாவைப் பற்றி எழுதத்தான் வந்தேன். நான் லயங்களில் வீடுவீடாகப் போய்த் தாய்மாரைப் பார்ப்பவள். அம்மாவுடைய காலத்தில் பேறுகாலம் முடிந்து சில வாரங்களிலேயே மலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. இடைவேளையில் பிள்ளைக் காம்பராவுக்கு ஓடிவந்து பாலூட்டிவிட்டு, மிச்சமிருந்த நிமிடங்களில் சோற்றைக் குழைத்து ஊட்டிவிட்டுத்தான் திரும்பவும் கொழுந்துக்கு ஏறினார்கள். பல் முளைக்காத பிள்ளை பசியோடு இருக்கக்கூடாது என்பதற்காகச் செய்த காரியம் அது.

பற்சிதைவையும் வேறு கிருமிகளையும் மனதில் வைத்து, இப்போது நாங்கள் மென்று ஊட்ட வேண்டாம் என்றுதான் தாய்மாருக்குச் சொல்கிறோம். ஆனால் எப்ஸ்டீன்-பார் வைரஸைப் பொறுத்தவரை, அம்மா ஊட்டாதிருந்தாலும் அது வந்திருக்கும். பிள்ளைக் காம்பராவில் ஒரே பாயில் உருண்டு, ஒரு பிள்ளையின் வாயிலிருந்து விழுந்த கிலுகிலுப்பையை இன்னொரு பிள்ளை வாயில் வைக்கும் இடத்தில் யாரால் அதைத் தடுக்க முடியும்? டொக்டர் எழுதியதைப் பாருங்கள்: சிறுவயதில் வரும் தொற்று மெல்லியது, அபாயத்தைக் கூட்டுவதாகக் காணப்பட்டது பிந்தி வரும் தொற்று. அம்மாவிடமிருந்துதான் உங்கள் தங்கைக்கு வைரஸ் வந்தது என்றே வைத்துக்கொண்டாலும், அது ஆபத்துக் குறைந்த வயதில் வந்தது. அதே கையால் ஊட்டி வளர்த்த நீங்கள் நலமாக ஆசிரியையாக நிற்கிறீர்கள். இதை அம்மாவிடம் நீங்கள் சொல்லுங்கள். தேவையானால் நான் நேரில் வந்தும் சொல்கிறேன்.

லயத்துக்காரரிடம் பேசுவதற்கு உங்கள் தோட்ட வைத்திய உத்தியோகத்தரை அழையுங்கள். வட்ஸ்அப்பில் வந்த செய்தியை வாய்ப்பேச்சால் மட்டும் அகற்ற முடியாது. அவர் உங்கள் வீட்டுக்கு வந்து, உங்கள் தங்கையின் கையால் தேநீர் வாங்கிக் குடித்தால் எல்லோரும் பார்ப்பார்கள்.

சாமிமலை வாசகன்

சைட்டோமெகலோ ஒப்பீடும் நியூரோபிலமென்ட் அளவீடும் என் இரண்டாவது ஐயத்துக்குப் போதுமான விடை என்று ஏற்றுக்கொள்கிறேன். தொற்றின் வயதைப் பற்றிய விளக்கத்தை இன்னும் ஏற்கவில்லை. எங்கள் நாடுகளில் எம்.ஆர்.ஐ. வசதி பரவும்போது இந்நோயின் எண்ணிக்கை கூடுமானால், அரிது என்று நாம் சொன்னதில் ஒரு பங்கு கண்டுபிடிக்கப்படாமையாக இருந்திருக்கும். அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஊவா வைத்தியர்

முற்றிலும் சரி. கிளினிக்கில் அதை நாங்களே காண்கிறோம். இதோடு சேர்ந்து இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆசிய நாடுகளில் மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் என்று முன்னர் எழுதப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு இருந்தது நியூரோமயலைட்டிஸ் ஒப்டிக்கா என்ற வேறொரு நோய். அதுவும் கண் நரம்பையும் முண்ணாணையும் தாக்கும். 2004இல் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் அதற்குரிய பிறபொருளெதிரியைக் கண்டறிந்த பிறகே இரண்டும் தெளிவாகப் பிரிந்தன. அது தாக்குவது அக்குவாபொரின்-4 என்ற நீர்க் கால்வாய்ப் புரதத்தை என்பது அடுத்த ஆண்டில் தெரிந்தது. இந்தப் பிரிப்பு முக்கியமானது, ஏனென்றால் இன்டர்பெரோன் பீற்றா, பிங்கொலிமொட் போன்ற மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் மருந்துகள் அந்நோயை மோசமாக்கக்கூடும். எப்ஸ்டீன்-பார் பரிசோதனைக்குச் செலவழிக்கும் பணத்தை, தேவையானவர்கள் இந்த அக்குவாபொரின் பிறபொருளெதிரிப் பரிசோதனைக்குச் செலவழிப்பதே மேல்.

கொட்டகலை ஆசிரியை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. லிந்துலைத் தங்கச்சி எழுதியதை என் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். சுடுதண்ணீரில் குளித்தபின் தனக்கும் அப்படியே கண் மங்கியதாகச் சொல்கிறாள். மருத்துவமாது அவர்களின் பதிலை அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்தேன். தோட்ட வைத்திய உத்தியோகத்தரிடமும் பேசிவிட்டேன், வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

தங்கைக்கு அக்குவாபொரின் பரிசோதனை செய்யப்பட்டதா என்பது அவளுக்கு ஞாபகம் இல்லை. அடுத்த கிளினிக்கில் கேட்க இருக்கிறேன். எதைப் பார்த்து, எப்படிக் கேட்க வேண்டும்?

பண்டாரவளை ஆய்வுகூடம்

டீச்சர், முதலில் கிளினிக் புத்தகத்தையும் வாட்டிலிருந்து வெளியேறியபோது கொடுத்த நோய் நிர்ணய அட்டையையும் எடுத்துப் பாருங்கள். செய்திருந்தால் பெரும்பாலும் அதில் எழுதியிருக்கும். அந்தப் பரிசோதனையைக் குருதி ஊனீரில் செய்வதே சிறந்தது. மூளைய முண்ணாண் பாய்பொருளில் மட்டும் செய்தால் சில நோயாளிகள் தவறிவிடக்கூடும். கலங்களை அடிப்படையாகக் கொண்ட முறையில் செய்யப்பட்டதா என்றும் கேளுங்கள், அதன் நம்பகத்தன்மை அதிகம். மாதிரி எடுத்த திகதியையும் ஸ்டெரொயிட் ஏற்றத் தொடங்கிய திகதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சிகிச்சைக்குப் பின்னர் எடுத்த மாதிரி நெகட்டிவாக வந்திருந்தால், மீண்டும் ஒருமுறை செய்வது அவசியமா என்று நிபுணரிடம் கேட்பதில் தவறில்லை. எம்.ஆர்.ஐ. படங்களின் இறுவட்டையும் மறக்காமல் கொண்டு செல்லுங்கள். முண்ணாணில் உள்ள தழும்பின் நீளத்தை அவர் மறுபடி பார்க்க விரும்புவார்.